கதிர்ச் சிகிச்சை முடிந்த பின்னும் உடலில் நடப்பவை

மார்பகப் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சையும் மருந்தேற்றமும் நிறைவுற்ற பிறகு, கதிர்ச் சிகிச்சைக்காக என்னை யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு அனுப்பினார்கள். 2011 இல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கிலுள்ள பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய நிதியில் எழுந்து, 2013 இல் திறக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இருப்பதால், முன்பு எங்கள் பகுதி நோயாளர்கள் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகம வரை போய்த் தங்கிப் பெற்ற சிகிச்சையை நான் வீட்டிலிருந்தே பெற முடிந்தது. அந்த நடையில் பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள்.

முதலில் திட்டமிடல். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்திப் படுக்கவைத்து, சி.ரி. ஸ்கான் எடுத்து, தோலில் அடையாளமிட்டார்கள். அக்குளில் சத்திரசிகிச்சை நடந்தவர்களுக்குக் கையை அவ்வாறு உயர்த்தி அசையாமல் வைத்திருப்பது கடினம்; ஆகவே தோள்பட்டைப் பயிற்சிகளை வெகு முன்னதாகவே தொடங்கிவிடுவது நல்லது. கதிர் பாயும்போது வலியில்லை, சூடுமில்லை. சரியாகப் படுக்கவைப்பதற்கு ஆகும் நேரமே அதிகம்.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவள் என்பதால், முழு அளவையும் ஒரே தடவையில் கொடுக்காமல் ஏன் நாள்தோறும் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று வைத்தியரிடம் கேட்டேன். "ரீச்சர், உங்கட நல்ல கலங்களுக்குத் தங்களைத் திருத்திக்கொள்ள நேரம் வேணும்" என்றார். ஒரு கிரே (கதிரின் அளவை அளக்கும் அலகு) அளவு கதிர், ஒவ்வொரு கலத்திலும் டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் சேர்த்து ஏறத்தாழ 40 இடங்களில் முறிக்கிறது. நல்ல கலங்கள் இடைவேளையில் பெரும்பாலும் திருத்திக்கொள்கின்றன. திருத்தும் திறன் குறைந்த புற்றுக் கலங்கள் பின்தங்குகின்றன.

அதற்கு மேல் நான் வாசித்து அறிந்தவைதான் என்னை உண்மையில் வியக்கவைத்தன. முறிவு ஏற்பட்ட சில நிமிடங்களுக்குள், டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒருவகையின் மீது பொஸ்பேற்று அடையாளம் விழுந்து, திருத்தும் புரதங்களை அவ்விடத்துக்கு அழைக்கிறது. டி.என்.ஏ.யின் மீது ஒட்டியிருக்கும் மெதைல் என்ற சிறு வேதியியல் அடையாளங்களும் கதிரால் மாறக்கூடும். எழுத்துகள் அப்படியே இருக்க, எவற்றை வாசிப்பது, எவற்றை மூடிவைப்பது என்ற குறிகள் மட்டும் மாறுவதைப் போன்றது இது. மெதைல் அடையாளம் குறையும்போது, நமது மரபணுத் தொகுதியில் உறங்கிக் கிடக்கும் பழைய வைரசுத் துண்டுகள் விழித்தெழலாம். அப்போது அந்தக் கலம் வைரசு தொற்றிய கலம்போல் நடந்து, இன்ரபெரோன் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கிறது. கலத்தின் கருவை விட்டு வெளியே சிதறும் டி.என்.ஏ. துண்டுகளும் சிகாஸ், ஸ்ரிங் என்னும் புரதங்களின் வழியே அதே எச்சரிக்கையை எழுப்புகின்றன. இறக்கும் புற்றுக் கலத்தின் துணுக்குகளைக் கிளைக்கலங்கள் என்ற காவல் கலங்கள் நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் சென்று, நோயுற்ற கலங்களைத் தாக்கும் ரி கலங்களுக்குக் காட்டுகின்றன.

இதன் உச்சமாக, கதிர் படாத இடத்திலுள்ள கட்டியும் சுருங்கியதாகச் சில நோயாளர்களில் பதிவாகியிருக்கிறது. மோல் என்ற ஆய்வாளர் 1953 இல் இதற்கு அப்ஸ்கோபல் விளைவு என்று பெயரிட்டார். 2012 இல் இப்பிலிமுமாப் என்ற நிர்ப்பீடன (நோயெதிர்ப்பு) மருந்து பெற்றுவந்த தோற்புற்று நோயாளி ஒருவரில் இது விரிவாக விவரிக்கப்பட்டது. ஆனால் இது அரிதானது. இதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. ஏனெனில் கதிருக்கு மறுபக்கமும் உண்டு. நிணநீர்க் கலங்கள் குறைந்த கதிருக்கே இறந்துவிடுகின்றன. கதிர் பட்ட கட்டியோ ரி கலங்களை அடக்கும் புரதங்களைக் கூட்டிக்கொள்ளவும் கூடும். சில கட்டிகள் ஸ்ரிங் மரபணுவையே மெதைல் அடையாளத்தால் மூடி, எச்சரிக்கை மணியை அடக்கிவிடுகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் மருந்துகளைக் கதிரோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்பது இன்று ஆராயப்படுகிறது. என் வகை நோய்க்கு அது தேவையில்லை என்று வைத்தியர் சொன்னார், நானும் ஏற்றுக்கொண்டேன்.

காத்திருக்கும் இடத்தில், "நிர்ப்பீடனம் கூட்டும்" என்று சொல்லி மாத்திரைகளும் கசாயங்களும் பலர் பரிந்துரைத்தார்கள். அன்பினால் சொன்னவை அவை. எனினும் அதிக அளவிலான ஒட்சியேற்ற எதிரி (antioxidant) மாத்திரைகள் கதிரின் வேலையைத் தடுக்கக்கூடும் என்பதால், சிகிச்சைக் காலத்தில் எதையும் வைத்தியரைக் கேட்காமல் நான் எடுக்கவில்லை. மற்றவர்களும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

தோல் சிவந்து எரிவது சிகிச்சை முடிந்தபின் ஓரிரு வாரங்களில்தான் உச்சத்தை அடைகிறது; முடிந்துவிட்டதே, ஏன் கூடுகிறது என்று பதறத் தேவையில்லை. நுரையீரலின் அழற்சியோ மாதங்கள் கழித்தும் தோன்றலாம். ஆகவே பின்னாளில் விடாத வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்து வேறொரு வைத்தியரிடம் போனாலும், மார்பில் கதிர்ச் சிகிச்சை பெற்றதை முதலில் சொல்லி, சிகிச்சை அட்டையையும் காட்ட வேண்டும்.