பையர் பிஓவையும் சாயப்பட்டறை ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனியாகப் படித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பையர் தரும் கொள்முதல் ஆணையோடு (பிஓ) சாயப்பட்டறை ஒப்பந்தத்தை ஷரத்துக்கு ஷரத்து ஒப்பிட்டால்தான் ஓட்டை தெரியும்.

நாங்கள் முதலில் தேடுவது இழப்பீட்டு வரம்பை. ஷிப்மென்ட் தாமதமானால் ஏர் ஃபிரைட்டையும் தள்ளுபடியையும் பையர் நம் தலையில் கட்டுவார். பட்டறையோ தன் பொறுப்பைச் சாயக்கூலியோடு நிறுத்திக்கொள்ளும். கிலோவுக்குக் கூலி 90 ரூபாய், துணி 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோவில் ஷேட் (நிறச்சாயல்) மாறினால் கிடைப்பது 90,000. போவது 3 லட்சம். துணி மதிப்பு வரையாவது வரம்பை உயர்த்தக் கேட்க வேண்டும். பெனால்டியாகப் பெரிய தொகையை எழுதி நிம்மதி அடையாதீர்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அந்தத் தொகை உச்சவரம்புதான். கிடைப்பது நியாயமான இழப்பீடு.

அடுத்தது பணம். பட்டறை உத்யம் பதிவுள்ள (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) குறு அல்லது சிறு நிறுவனமா என்று சான்றை வாங்கிப் பாருங்கள். ஆம் என்றால், "90 நாள் கிரெடிட்" என்று இருவரும் கையெழுத்திட்டாலும் 2006 எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டு) சட்டப்படி 45 நாள்தான். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. அந்த வட்டியை வருமான வரியில் செலவாகவும் காட்ட முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, கெடு தாண்டிய பில் தொகையே கொடுத்த வருடத்தில்தான் கழியும்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: அதே சட்டப்படி, துணி வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் போகாவிட்டால், வந்த அன்றே ஏற்றதாகக் கணக்கு. கட்டிங் டேபிளில் குறை தெரியும்வரை காத்திருந்தால் கெடு ஓடிவிடும். ஷேட், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), பிராசஸ் லாஸ் (சாயமேற்றும்போது குறையும் எடை) சோதனைக்கு ஒப்பந்தத்தில் 7 நாள் போடுங்கள். ஃபோன் பேச்சு ஆட்சேபமாகாது.

ஆர்பிட்ரேஷன் (நடுவர் மூலம் தீர்வு) ஷரத்து இருந்தாலும், பாக்கிக்காகப் பட்டறை அந்தச் சட்டத்தின் கீழுள்ள எம்எஸ்எம்இ கவுன்சிலுக்குப் போகலாம். 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது.

கடைசியாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட் (பட்டறை இயங்க அனுமதி): காலாவதித் தேதி, அனுமதித்த உற்பத்தி அளவு இரண்டையும் பாருங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. மூடும் உத்தரவு வந்தால் உள்ளே இருக்கும் துணியை உடனே எடுத்துச்செல்லும் உரிமையைத் தனி ஷரத்தாகக் கேளுங்கள். அப்படி எழுதாவிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவைக் காட்டி, அந்தத் துணிக்கான கூலி பாக்கி தீரும்வரை பட்டறை அதைப் பிடித்துவைக்கலாம்.