கிளாரினெட்டில் எத்தனை கீ?
ராயபுரத்தில் பேண்டு வாசிக்கும் என் சித்தப்பா நேற்று கிளாரினெட்டை மடியில் வைத்து, "எத்தனை கீ, எண்ணு பார்ப்போம்" என்றார். துளை மூடிகளை எண்ண ஆரம்பித்தேன். "மூடியை இல்லடா, விரல் அழுத்துற இடத்தை எண்ணு."

வலது சுண்டுவிரலுக்கு மட்டும் நாலு, இடதுக்கு மூணு, வலது ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் தட்ட நாலு. அப்புறம் மிச்சம் ஆறு. ஆக 17. துளைகளைச் சுற்றியுள்ள 6 வளையங்கள் தனிக் கணக்கு. போம் முறை என்ற கீ அமைப்பு உள்ள கருவிக்கு இதுதான் வழக்கம். பழைய ஆல்பர்ட் முறையில் பெரும்பாலும் 13.

சுண்டுவிரல் கீக்களில் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிறது. காசிமேடு வரை போன ஊர்வலங்கள் எத்தனையோ! அந்தக் கீக்களைத் துடைக்கும்போது மட்டும் சித்தப்பா கை மெதுவாகப் போகும்.