கல்மரக் காட்டில் பதினான்கு நாட்கள்

ஜூன் 12

விடிவதற்கு முன்பே சாண்ட்லரை விட்டுக் கிளம்பினேன். பேசன், ஹீபர் மலைச் சாலை வழியாக ஹோல்புரூக் வந்து சேரக் காலை வெயில் ஏறிவிட்டது. வழியில் காய்கறி வாங்கக் கடைசி ஊர் அதுதான். அரிசி, பருப்பு, புளி எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டேன். தக்காளி, வெங்காயம், தயிர் மட்டும் அங்கே வாங்கிக்கொண்டேன்.

பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா. அரிசோனாவின் வடகிழக்கில், மரமே இல்லாத ஒரு காடு. இங்கே சில கலைஞர்களுக்குத் தங்க இடம் கொடுத்து, அவர்களை அவர்கள் வேலையைச் செய்ய விடுகிறார்கள். எனக்குக் கிடைத்தது பதினான்கு நாட்கள். பாலைவனத்தின் விளிம்பில் ஒரு சிறு வீடு, ஒரு மேசை, ஓர் அடுப்பு. மாலையில் சாலைக் கேட்டைப் பூட்டியபின் சுற்றுலா வண்டிகள் நின்றுவிடுகின்றன. அதன்பின் தூரத்தில் சரக்கு ரயில் போகும் சத்தம் மட்டும்.

நான் மண் அரைத்து வண்ணம் செய்பவள். கண்ணாடிப் பலகை, கண்ணாடிக் குழவி, கருவேலம் பிசின், கொஞ்சம் தேன். பத்து வருடமாக இதுதான் என் வேலை. இந்தப் பூங்காவில் ஒரு சிட்டிகை மண்ணைக்கூட எடுக்கக் கூடாது. தெரிந்துதான் விண்ணப்பித்தேன். குழவியை வீட்டிலேயே விட்டுவிட்டு, கடையில் வாங்கிய எட்டுக் குழாய் நீர்வண்ணத்தோடு வந்திருக்கிறேன். இத்தனை நிறமுள்ள மண்ணைத் தொடாமல் வரைய முடியுமா என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 13

முடியவில்லை. இன்றைக்கு வரையில்.

காற்றில் ஈரமே இல்லை. தாளில் தண்ணீரை ஓடவிட்டு, அது காய்வதற்குள் அடுத்த நிறத்தை இழைக்க வேண்டும். இங்கே தூரிகையை நனைத்துத் திரும்புவதற்குள் தாள் காய்ந்து, ஓரத்தில் கோடு விழுந்துவிடுகிறது. மலைச்சரிவில் சிவப்பு எங்கே முடிந்து வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. என் தாளில் கத்தரியால் வெட்டியது போல் இருக்கிறது. நான்கு தாள்கள் வீண்.

ஜூன் 15

காலை நாலரைக்கு எழுந்துவிடுகிறேன். தாளின் இரண்டு பக்கத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டவைத்து, தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டால், சூரியன் ஏறும்வரை தாள் ஈரமாக இருக்கிறது. ஒரு மணி நேரம் கிடைக்கிறது. போதும்.

வெயில் ஏறியபின் தெற்கே கிரிஸ்டல் ஃபாரஸ்டுக்குப் போனேன். தரை முழுக்க மரத்துண்டுகள். பட்டை தெரிகிறது, கணு தெரிகிறது. கையை வைத்தால் கல். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆறு அடித்துக்கொண்டு வந்து போட்ட மரங்கள் இவை. மேலே வண்டலும் எரிமலைச் சாம்பலும் மூடிக்கொண்டன. சாம்பலில் இருந்த சிலிக்கா நிலத்தடி நீரில் கரைந்து மரத்துக்குள் இறங்கி, இழை இழையாக மரம் போய்க் குவார்ட்ஸ் உட்கார்ந்தது. அதோடு கலந்த இரும்பு சிவப்பும் மஞ்சளுமாயிற்று. மாங்கனீசு கறுப்பாயிற்று. ரம்பம் போட்டு அறுத்தது போல் வரிசையாகத் துண்டுபட்டுக் கிடக்கின்றன. யாரும் அறுக்கவில்லை. நிலம் அசையும்போது குவார்ட்ஸ் நேர்கோட்டில் உடைகிறது, அவ்வளவுதான். உண்மையிலேயே அறுக்க வேண்டுமென்றால் வைரப்பல் ரம்பம் வேண்டும்.

தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. கல்மரம். எங்கள் விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சொல். திருவக்கரையில் வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போனால் கல்மரப் பூங்காவையும் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கிருப்பவை 2 கோடி ஆண்டுப் பழமை என்பார்கள். இங்கே நிற்கும்போது அது நேற்றுப் போல் இருக்கிறது.

கிரிஸ்டல் ஃபாரஸ்ட் என்ற பெயர், மரங்களின் உள்ளே இருந்த செவ்வந்திக்கல், குவார்ட்ஸ் படிகங்களால் வந்தது. இப்போது தேடினாலும் கிடைக்காது. ரயில் வந்தபின் படிகத்துக்காக இந்த மரங்களை வெடி வைத்துப் பிளந்தார்கள். 1890களில் மரங்களைப் பொடியாக்கிச் சாணைத்தூள் செய்யலாம் என்று பக்கத்திலேயே ஓர் ஆலையே கட்டினார்கள். உள்ளூர்க்காரர்கள் முறையிட்டார்கள். 1906 டிசம்பரில் தியோடர் ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 1962இல் தேசியப் பூங்கா ஆயிற்று. பிளந்த மரங்கள் பிளந்தபடியே கிடக்கின்றன. அவற்றின் உட்பொந்துகளை வரையத்தான் எனக்கு ஆசை வந்தது.

ஜூன் 16

ப்ளூ மேசா. இந்த இடத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதலாம்.

பாதை செங்குத்தாக இறங்குகிறது. இறங்கியபின் சுற்றிலும் மேடுகள். யானைகள் முதுகு காட்டிப் படுத்திருப்பது போல. நீலம் என்கிறார்கள், நீலமில்லை. ஊதா கலந்த சாம்பல், அதற்கு மேல் வெளிறிய ஒரு பட்டை, மறுபடி சாம்பல். குனிந்து பார்த்தால் மேல்தோல் முழுக்கப் பொரி பரப்பியது போல் இருக்கிறது. எரிமலைச் சாம்பல் மக்கி உண்டான பென்டோனைட் களிமண். மழை பெய்தால் பல மடங்கு உப்பும், காய்ந்தால் சுருங்கி இப்படிப் பொரிப்பொரியாக வெடிக்கும். உப்பிச் சுருங்கிக்கொண்டே இருக்கும் மண்ணில் எந்த வேர் பிடிக்கும்? அதனால்தான் புல்கூட இல்லை. போன மழையில் ஓடிய நீரின் தடம் விரல் கீறியது போல் அப்படியே இருக்கிறது.

இந்தச் சாம்பல் நிறம் எந்தக் குழாயிலும் இல்லை. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் ஒரு சாம்பல் வரும். அதிகத் தண்ணீரில், சொரசொரப்பான தாளில் விட்டால் நீலத்துகள் தனியாகப் பிரிந்து தாளின் குழிகளில் போய் உட்காரும். பழுப்பு மேலே மெல்லிய படலமாக நிற்கும். இன்று காலை பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். துகள்கள் மெதுவாக இறங்கின, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, நின்றன. ஆற்றுப்படுகையில் வண்டல் படிந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். காய்ந்தபின் தாளை எடுத்து மேட்டுக்கு எதிரே பிடித்தேன். நிறம் ஒத்துப்போனது. மண்ணை அரைத்திருந்தால் நிறம் சும்மாவே கிடைத்திருக்கும். இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்க மாட்டேன்.

ஜூன் 18

இன்று ஒரு ரேஞ்சர் அம்மா என்னை மனச்சாட்சிக் குவியலைப் பார்க்க அழைத்துப் போனார். அப்படித்தான் அதற்குப் பெயர். சுற்றுலாப் பயணிகள் எடுத்துப் போன கல்மரத் துண்டுகள் தபாலில் திரும்பி வருகின்றன. கூடவே கடிதம். 1930களிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. எடுத்துப் போனதிலிருந்து உடம்புக்கு முடியவில்லை, வேலை போயிற்று, கணவன் பிரிந்தான், மன்னித்துவிடுங்கள், இதை அதன் இடத்தில் வைத்துவிடுங்கள். பிள்ளைகள் கோணல்மாணலாக எழுதியவையும் உண்டு.

“அதன் இடத்தில் வைப்பீர்களா?” என்று கேட்டேன்.

“அதன் இடம் எதுவென்று எங்களுக்குத் தெரியாதே” என்றார். எந்த மேட்டில், எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாமல் கண்ட இடத்தில் போட்டால் ஆராய்ச்சிக்காரர்களின் கணக்கே தப்பாகிவிடும். ஆகையால் வேலையாட்கள் மட்டும் போகும் ஒரு வழியின் ஓரத்தில் கொட்டிவைத்திருக்கிறார்கள். பேரீச்சம்பழ அளவில் சில, இரண்டு கையாலும் தூக்க வேண்டியவை சில. வெயிலில் அத்தனையும் மின்னின. ஊர் திரும்பியும் வீடு சேராத கற்கள்.

நான் அதை வரையவில்லை. நோட்டைத் திறந்தேன், மூடிவிட்டேன்.

ஜூன் 19

நாள் முழுக்கக் காற்று. தாள் நிற்கவில்லை, பலகை நிற்கவில்லை. ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இரவு காற்று ஓய்ந்தது. பால்வீதி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தெரிந்தது.

ஜூன் 20

பெயிண்டட் டெசர்ட் இன் கட்டடத்தில் காலை முழுவதும் இருந்தேன். ஒரு காலத்தில் விடுதி, இப்போது அருங்காட்சியகம். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அரசு வேலையில் சேர்த்த இளைஞர்கள் 1930களின் பிற்பகுதியில் இதைத் திருத்திக் கட்டினார்கள். கூரைக் கண்ணாடிகளில் பானை ஓவியங்களைத் தீட்டியவர்களும் அவர்கள்தான்.

சுவரோவியங்களுக்காகவே நான் போனேன். ஃபிரெட் கபோட்டி என்ற, ஹோப்பி பழங்குடியைச் சேர்ந்த ஓவியர், கட்டடக் கலைஞர் மேரி கோல்டரின் அழைப்பில் 1947-48இல் வரைந்தவை. இதற்குமுன் கிராண்ட் கேன்யன் காவற்கோபுரத்திலும் கோல்டருக்காகக் கபோட்டி வரைந்திருக்கிறார். ஒரு சுவரில் இரண்டு ஹோப்பி இளைஞர்கள் உப்பு எடுத்துவர சூனி உப்பு ஏரிக்கு நடந்து போகிறார்கள். அவர்கள் போகும் வழி இந்த வண்ணப் பாலைவனம்தான். அதே சிவப்பு, அதே வெளிர்மஞ்சள். ஜன்னலுக்கு வெளியேயும் அது இருக்கிறது.

இந்தப் பாலைவனத்துக்கு என்னைப் போல் வந்து தங்கிப் போகிறவர்கள் எல்லோரும் தூரத்திலிருந்து பார்த்து வரைகிறோம், மனிதர் இல்லாத வெளியாக. கபோட்டிக்கு இது வழி. யார் நடந்தார்கள், எதற்காக நடந்தார்கள் என்று சுவரில் போட்டுவைத்தார். நான் செய்த ஒன்பது ஓவியங்களையும் வீட்டில் பரப்பிப் பார்த்தேன். ஒன்றில்கூட ஆள் இல்லை, காலடி இல்லை. அது சரியில்லை என்று படுகிறது.

ஜூன் 21

பகற்பொழுது நீண்ட நாள். காலையிலேயே புவெர்கோ பியூப்லோவுக்குப் போய்விட்டேன். 13ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டுவரை மக்கள் வாழ்ந்த ஊர். நூறு அறைகளுக்கு மேல் இருந்தது. இப்போது முட்டளவுச் சுவர்கள். பாறைகளில் அவர்கள் கொத்திய சின்னங்கள் இருக்கின்றன.

ஒரு பாறையில் சிறு வட்டச் சின்னம் ஒன்று. ஒன்பது மணி வாக்கில் எதிர்ப்பாறையின் நிழலுக்கு இடையிலிருந்து ஒளி மெல்ல நகர்ந்து வந்து அந்தச் சின்னத்தின் நடுவைத் தொட்டது. இந்த நாளை ஒட்டிய இரண்டு வாரங்கள் மட்டுமே இப்படி நடக்கும். பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தோம். ஒரு கைக்குழந்தைகூட அழவில்லை.

அந்தப் பாறையை யாராவது ஒரு முழம் நகர்த்தி வைத்திருந்தால்? அதே பாறை, அதே சின்னம், அதே சூரியன். நாள் மட்டும் தெரியாது. மனச்சாட்சிக் குவியல்தான் நினைவுக்கு வந்தது.

மாலையில் வரைந்தேன். பாறைக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுகளை.

ஜூன் 23

பார்வையாளர்களோடு ஒரு மணி நேரம். பேச்சைக் குறைத்து, எல்லோருக்கும் இரண்டு நிறமும் ஒரு துண்டுத் தாளும் கொடுத்து ப்ளூ மேசாவின் சாம்பலைக் கலக்கச் சொன்னேன். யாருக்கும் முதல் தடவை வரவில்லை. மூன்றாவது தடவை ஒரு பெரியவருக்கு வந்தது. தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இங்கிருந்து தாராளமாக எடுத்துப் போகலாம், அதை.

ஜூன் 24

அம்மாவுக்குப் போன் செய்ய சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போனேன். குவியலைப் பார்த்த நாளிலிருந்தே கேட்க வேண்டும் என்றிருந்தது.

எனக்கு எட்டு வயது. பௌர்ணமிக்குப் பாட்டி திருவக்கரைக்கு அழைத்துப் போனாள். கோயிலிலிருந்து கல்மரம் பார்க்கப் போன இடத்தில் விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியபின்தான் பாட்டிக்குத் தெரியும்.

“அது இன்னும் இருக்கிறதா அம்மா?”

“பூஜை அலமாரியில்தான் இருக்கிறது. பாட்டி இருந்தவரை அதற்கும் ஒரு பூ வைப்பாள். நானும் விடவில்லை. ஏன் கேட்கிறாய்?”

திருப்பி வைக்க வேண்டும் என்று சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எங்கே எடுத்தாய், நினைவிருக்கிறதா?” என்று கேட்டார்.

யோசித்தேன். சிவப்பு மண். ஒரு பனைமரம். பாட்டியின் சேலையில் மஞ்சள் கரை. அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு மண்தான், முழுக்கப் பனைமரம்தான்.

ஜூன் 25

வீட்டைப் பெருக்கித் துடைத்து, சாவியை ஒப்படைத்தாயிற்று. கிளம்புவதற்கு முன் வாசலில் உட்கார்ந்து செருப்பையும் நடைச்சப்பாத்தையும் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். அடிப்பாகத்தின் வரிகளில் சாம்பல் நிறப் பொடி இறுகிக் கிடந்தது. தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது. ப்ளூ மேசா இங்கிருந்து பத்து மைலுக்கும் மேல்.

தெற்கு வாயிலில் வண்டியை நிறுத்தினார்கள். கல்மரம் ஏதாவது எடுத்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார்கள். இல்லை என்றேன். பின் இருக்கையில் பதினான்கு தாள்கள், இரண்டு அட்டைகளுக்கு நடுவே கட்டி வைத்திருந்தேன். கையசைத்து அனுப்பிவிட்டார்கள்.