வெள்ளைப் புள்ளியும் வெள்ளைப் பஞ்சும்: மார்கழி மாதத்து மீன் தொட்டிக் குறிப்புகள்

வீட்டுத் தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம் என்று போட்டால் 127 லிட்டர் வரும். மணலும் மரக்கட்டையும் மேலே விட்ட இடைவெளியும் போக, உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 100 லிட்டர். உப்பானாலும் மருந்தானாலும் அந்த 100 லிட்டருக்குத்தான் கணக்கு. இதைப் போட்டு வைத்திராமல் வைத்தியத்தில் இறங்கவே கூடாது என்பது என் கட்சி.

சனி இரவு

மூன்று நாள் மழை. வீடே சில்லென்று கிடந்தது, தொட்டித் தண்ணீரும் 25 டிகிரிக்கு இறங்கியிருந்தது. அண்மையில் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து வந்த கறுப்பு மோலிகள் மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. கறுப்பு மீன் என்பதால் ரவை தூவியது போலத் தெளிவாகத் தெரிந்தது. வாலில் அதிகம், முதுகில் கொஞ்சம். ஒன்று மட்டும் மரக்கட்டையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துப் போனது.

அதே தொட்டியில் ஏஞ்சல் மீன் ஜோடி முட்டை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ரகளையில் ஆண் ஏஞ்சல் எதிலோ மோதி, இடப் பக்கம் நாலைந்து செதில் உதிர்ந்து, சிவந்த காயம். முதுகுத் துடுப்பிலும் ஒரு கிழிசல். காயத்தின் மேல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

இரண்டும் வெள்ளை என்பதால் ஒரே மருந்தை ஊற்றிவிடலாம் என்றுதான் தோன்றும். அங்கேதான் சிக்கல். புள்ளி நோய்க்குத் தண்ணீரைச் சூடாக்க வேண்டும். காயத்தில் இருப்பது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியாவாக இருந்தால், அந்தச் சூட்டில் அது இன்னும் வேகமாகப் பரவும்.

வழக்கமாகப் போகும் கடை அண்ணனுக்கு வீடியோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “மருந்து அப்புறம் சார். அந்தப் பஞ்சு தூக்கிக்கிட்டு நிக்குதா, தோலோட ஒட்டிக்கிட்டு இருக்குதா? அத மொதல்ல பாருங்க.”

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். மீன் திரும்பும்போதெல்லாம் மெல்லிய இழைகள் காயத்திலிருந்து எழும்பி, தண்ணீரோடு அசைந்தன. இப்படி இழை இழையாக நின்றால் பெரும்பாலும் பூஞ்சை, சாப்ரோலெக்னியா என்பார்கள். காயம் பட்ட தோலில்தான் வந்து உட்காரும். காலம்னாரிஸ் என்றால் பெரும்பாலும் தட்டையாக, சாம்பலும் மஞ்சளும் கலந்த விளிம்போடு, முதுகில் சேணம் போட்ட மாதிரி பரவும். கண்ணால் பார்த்து நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. அதனால் சந்தேகத்தின் பலன் ஏஞ்சலுக்கு என்று முடிவு செய்து, அதைச் சூட்டிலிருந்து விலக்கித் தனியே எடுத்தேன்.

ஞாயிறு

ஏஞ்சலுக்கு 20 லிட்டர் பிளாஸ்டிக் டப். மணல் இல்லை, செடி இல்லை, காற்றுக் குமிழி விடும் ஓர் ஏர் ஸ்டோன் மட்டும். பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் பில்டரை இதற்குள் போடவில்லை. அதில் இருக்கும், மீன் கழிவின் அமோனியாவைச் சரிசெய்யும் நல்ல பாக்டீரியாவை, பூஞ்சைக்கு நான் ஊற்றப்போகும் மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்து எப்படியும் காலி செய்துவிடும். பில்டர் இல்லாவிட்டால் அமோனியா ஏறும், எனவே தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். மெட்ரோ தண்ணீரைப் பிடித்து, குளோரின் நீக்கும் சொட்டு விட்டு, டப்பில் இருக்கும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றினேன். உண்மையைச் சொன்னால் இந்த வைத்தியம் முழுவதிலும் சலிப்பு தட்டிய வேலை இதுதான். பலன் தந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

மெத்திலீன் ப்ளூவைப் பொறுத்தவரை அடுத்தவர் சொல்லும் “லிட்டருக்கு இத்தனை சொட்டு” கணக்கை நம்பாதீர்கள். பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி மாறும். கையில் இருக்கும் பாட்டிலின் லேபிளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். டப்பில் ஊற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கண்ணாடித் தொட்டியின் சிலிக்கான் ஒட்டு நீலமாகிவிட்டால் அப்புறம் போகாது.

காயத்தைத் துடைக்கவும் செய்தேன். பத்து பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு போவிடோன் அயோடின் கலந்து, இயர் பட்டை நனைத்து வைத்துக்கொண்டேன். வலையோடு தூக்கி, ஈரத் துணியில் படுக்க வைத்து, இன்னொரு ஈரத் துணியால் கண்ணையும் செவுளையும் மூடினேன். கண்ணை மூடியதும் துள்ளல் நின்றுவிட்டது. தலைப் பக்கமிருந்து வால் பக்கமாக, செதில் படிந்திருக்கும் திசையிலேயே ஒரே இழுப்பு. பஞ்சு மொத்தமாக இயர் பட்டில் ஒட்டி வந்தது. அடியில் இளஞ்சிவப்புத் தோல். மருந்து செவுளில் படக் கூடாது, அது ஒன்றில்தான் என் கவனமெல்லாம். தண்ணீர் விட்டு அலசி டப்பில் இறக்கியதும் மூலையில் போய்ச் சாய்ந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் நேரானது.

பெரிய தொட்டியில் ஹீட்டரைச் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றி 30க்குக் கொண்டுபோனேன். ஹீட்டரின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் தனி தெர்மாமீட்டர் வைப்பது நல்லது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல், 30இல் ஏழரை. அதனால் ஏர் பம்பை இரண்டாக்கி, இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டேன். லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு, ஆக மொத்தம் 200 கிராம். அதையும் மூன்று பங்காகக் கரைத்து, இடைவெளி விட்டு ஊற்றினேன். மோலி உப்பங்கழியிலும் வாழும் மீன், உப்பு அதற்குப் பழக்கம்தான். வேலம்பாசியை மட்டும் எடுத்துத் தனி வாளியில் போட்டுவிட்டேன். மீன் இல்லாத வாளியில் ஒட்டுண்ணி பொரிந்தாலும் பிடிக்க ஆளில்லாமல் செத்துப்போகும்.

வாரத்தின் நடுவில்

மோலிகள் பளபளவென்று ஆகிவிட்டன. ஒரு புள்ளிகூட இல்லை. இந்த இடத்தில் ஹீட்டரை அணைப்பவர்கள்தான் அதிகம்.

வெள்ளைப் புள்ளி என்பது தோலுக்கு அடியில் புகுந்துகொண்ட ஓர் ஒட்டுண்ணி. தின்று கொழுத்ததும் தானாக உதிர்ந்து மணலில் விழும், அங்கே கூடு கட்டி நூற்றுக்கணக்காகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் நீந்தி வந்து ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தும் அந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. சூட்டின் வேலை இந்தச் சுற்றை விரைவாக ஓட வைப்பது. குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுப்பது, வெதுவெதுப்பில் சில நாட்களில் முடியும். எங்கள் வீட்டில் மே மாதம் இந்தத் தொல்லை வராமல், மழையிலும் மார்கழியிலும் தலைகாட்டுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அதனால் எதையும் நிறுத்தவில்லை. குழாய் போட்டு மணலைக் கிளறி அழுக்கை உறிஞ்சி எடுத்தேன், எடுத்த அளவுக்குக் கணக்காக உப்புக் கலந்த தண்ணீரைத் திரும்ப விட்டேன். எதிர்பார்த்தபடியே இரண்டாவது அலை வந்தது, ஆனால் புள்ளிகள் கொஞ்சம்தான். ஒரு குட்டி மோலி இறந்துபோனது. அதன் உடம்பில் புள்ளியே தெரியவில்லை, கடைசி வரை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. செவுளுக்குள் பிடித்திருக்க வேண்டும்.

ஏஞ்சல் பெல்லட்டைத் தொடவில்லை. உறைந்த ஆர்ட்டீமியா (குட்டி இறால் போன்ற உயிரி) போட்டதும் தின்றது. உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவைக் காய்ச்சல்கார மீனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. அது வளர்வது சாக்கடை நீரில். அக்கம்பக்கத்தில் மஞ்சள் தூள் போடச் சொன்னார்கள், போடவில்லை. தெருவில் உதிர்ந்த நாட்டு வாதுமை இலையைக் கழுவிக் காயவைத்து ஒன்று போட்டேன். அதில் வரும் பழுப்புச் சாறு கெடுதல் செய்யாது, ஆனால் அதை மட்டும் நம்பி உட்காரவும் மாட்டேன்.

அடுத்த வாரம்

பஞ்சு திரும்ப வரவில்லை. காயத்தைச் சுற்றிக் கரும்புள்ளி போல நிறம் விழுந்தது. ஆறும் காயத்தில் இப்படிக் கறுப்பு வருவது உண்டு, பதற வேண்டியதில்லை. துடுப்புக் கிழிசலின் விளிம்பில் கண்ணாடி போல மெல்லிய சவ்வு வளர ஆரம்பித்தது. புதிதாக முளைக்கும் துடுப்பு முதலில் நிறமில்லாமல்தான் இருக்கும். துடுப்பழுகல் என்றால் விளிம்பு வெள்ளையாகவோ சிவந்தோ, நாளுக்கு நாள் உள்வாங்கிக்கொண்டே போகும். செல்போனில் தினம் ஒரே கோணத்தில் படம் எடுத்து வைத்தால் வளர்கிறதா கரைகிறதா என்பது தெரிந்துவிடும்.

இப்போதைய நிலை

மோலிகளிடம் கடைசிப் புள்ளி மறைந்து நாளாயிற்று. ஹீட்டரை மெதுவாக 27க்கு இறக்கியாயிற்று, உப்பு ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. ஏஞ்சலைத் திரும்ப விடுவதற்கு முன் மரக்கட்டையை வெளியே எடுத்து, கூர்முனையை உப்புத்தாளால் தேய்த்து, வேறு மூலையில் திருப்பி வைத்தேன். இடம் மாறிப்போனதில் பெண் ஏஞ்சலுக்கும் தன் எல்லை எது என்று குழப்பம். இரண்டு முறை துரத்திவிட்டு அடங்கிவிட்டது. வலை, குழாய், டப் மூன்றும் மாடி வெயிலில் காய்கின்றன. டப்பை இனி மேலே ஏற்றப்போவதில்லை: அடுத்து வாங்கும் மீன் எதுவானாலும் நாலு வாரம் அதில் இருந்துவிட்டுத்தான் பெரிய தொட்டிக்கு வரும்.