எந்தக் கடிதம்?

2005இல் அமெரிக்காவின் கான்சாஸ் கல்வி வாரியத்துக்கு பாபி ஹெண்டர்சன் என்ற இயற்பியல் பட்டதாரி ஒரு திறந்த கடிதம் எழுதினார். பரிணாமத்தோடு ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ (உயிர்களை ஏதோ ஒரு அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்ற கருத்து) என்பதையும் பள்ளியில் சொல்லித்தருவதானால், உலகைப் படைத்தது பறக்கும் ஸ்பகெட்டி (நூடுல்ஸ் போன்ற இத்தாலிய உணவு) அரக்கன்தான் என்ற நம்பிக்கைக்கும் சம நேரம் வேண்டும் என்று கேட்டார். கடற்கொள்ளையர் குறையக் குறையப் பூமி சூடாகிறது என்று ஒரு வரைபடம் வேறு. இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது.

இணையத்தில் போட்டதும் பற்றிக்கொண்டது; அந்த அரக்கனை வணங்கும் ஒரு கிண்டல் மதமே உருவானது. 2011இல் ஆஸ்திரியாவில் நிக்கோ ஆல்ம், நூடுல்ஸ் வடிக்கும் ஓட்டைப் பாத்திரத்தை அந்த மதத்தின் தலையணி என்று தலையில் கவிழ்த்த படத்தோடு ஓட்டுநர் உரிமமே வாங்கினார். 2016இல் நியூசிலாந்தில் இந்த மதத்தின்படி கல்யாணமும் நடந்தது, சட்டப்படி.

எனக்கு அந்தக் கடிதம் ரொம்பப் பிடிக்கும். யாரையும் திட்டாமல், எதிராளியின் வாதத்தையே எடுத்து அவர் முன்னால் வைக்கிறது. பாடத்திட்டம் எழுதுகிறவர்களிடம் கேட்ட கேள்வி அது. இப்போது சுற்றுவது அந்த அரக்கனின் படம் மட்டும். அம்மா விளக்கேற்றும் புகைப்படத்துக்குக் கீழே போன வாரம் ஒருவர் அதைப் போட்டிருந்தார். மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தக் கடிதத்தைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

எந்தக் கடிதம் என்றார்.