மார்கழிப் பனியில சிறுவாணி ரோடு: பத்து வார குரூப் ரைடு

நவம்பர் மொத ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சது, இதோ தை பொறந்தாச்சு. நடுவுல ரெண்டு வாரந்தான் போகல, ஒண்ணு மழை, இன்னொண்ணு பையனுக்குக் காய்ச்சல். மத்த எல்லா ஞாயிறும் விடியக்காலம் அஞ்சே காலுக்கு கோயமுத்தூர் காந்தி பார்க் பக்கத்துல சைக்கிளோட நின்னிருக்கேன். மறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் எழுதி வெச்சுடறேன், புதுசா குரூப்போட ஓட்டலாமான்னு யோசிக்கறவங்களுக்கு உதவும்.

எனக்கு 41 வயசு, பேங்க்ல வேலை. ரெண்டு வருசமா தனியாத்தான் ஓட்டிட்டிருந்தேன், மிஞ்சிப் போனா வடவள்ளி வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவேன். இருட்டுல தனியாப் போறதுக்கு வீட்ல யாருக்கும் மனசில்ல, எனக்கும் நாய்னா பயம், அதனால வெயில் வந்த அப்புறந்தான் கெளம்பறது, கெளம்பறப்பவே பஸ்ஸும் லாரியும் வந்துடும். எங்க தெரு பேக்கரித் தம்பிதான் "எங்க குரூப்ல யாரையும் பின்னாடி விட்டுட்டுப் போக மாட்டோம்க்கா, ஒரு வாரம் வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டான். பன்னெண்டு பேர் வர்ற குரூப். கேப்டன் அண்ணாவுக்கு அறுபது தாண்டியாச்சு, லேத் பட்டறை வெச்சிருந்தவர், இப்ப மகன் பாத்துக்கறார். மூணு காலேஜ் பசங்க, ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்கா, மத்தவங்க எல்லாம் மில்லு, பம்ப்செட் கம்பெனின்னு வேலைக்குப் போறவங்க.

ரூட்டு எப்பவும் இந்த சிறுவாணி ரோடுதான். செல்வபுரம், பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், அங்கிருந்து பூண்டி. போக வர 55, 60 கிலோமீட்டர் வரும். பாத்தா சமமான ரோடு மாதிரித்தான் இருக்கும், ஆனா மலையப் பாத்துப் போறதால ஆரம்பத்துல இருந்தே லேசான ஏத்தம், கண்ணுக்குத் தெரியாது காலுக்குத் தெரியும். அப்ப வரும்போது சும்மா வந்துடலாமேன்னு நெனச்சேன், இந்த சீசன்ல காத்து கெழக்கயிருந்து வருது, வெயில் ஏற ஏற அதுவும் ஏறும், எறக்கத்துல மிச்சமானத அது எடுத்துக்கும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இதுக்கு நேர் எதிர்ன்னு அண்ணா சொன்னார்.

மொத வாரம் நான் பண்ணது என்னன்னா, குரூப்ல இருந்துக்கிட்டே தனியா ஓட்டுனேன். முன்னாடி போறவர் பக்கத்துல போகப் பயம், அவர் பிரேக் போட்டா இடிச்சிடுவமோன்னு நாலஞ்சு சைக்கிள் நீளம் எடம் விட்டே வந்தேன். பேரூர் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சு. பேக்கரித் தம்பி கூடவே வந்துட்டு இருந்தவன், "அக்கா ஒரே ஒரு நிமிசம் எம் பின்னாடி ஒட்டி வாங்க, நான் பிரேக்கே போட மாட்டேன்"ன்னான். தயங்கித் தயங்கித்தான் போனேன். ஒரு சைக்கிள் நீளத்துக்கும் கம்மியா வந்ததும் காதுல அதுவரைக்கும் ஓன்னு எரைஞ்சிட்டிருந்த காத்து சட்டுனு அடங்கிப்போச்சு, கதவச் சாத்துன மாதிரி. செயின் ஓடற சத்தம் கேக்குது, அவன் மூச்சு விடற சத்தம் கேக்குது. நான் அழுத்தறது கொறஞ்சிருக்கு, ஸ்பீடு மட்டும் ஏறிட்டே போகுது. சமதரையில 25, 30ல போறப்ப நம்ம சக்தியில பாதிக்கும் மேல காத்தைத் தள்றதுக்கே போயிடுது, பின்னாடி ஒட்டிப் போனா நாலுல ஒரு பங்கு கிட்ட மிச்சமாகும். இதெல்லாம் முன்னாடியே படிச்சதுதான். ஆனா அந்தச் சத்தம் நின்னதுதான் எனக்குப் புரிய வெச்சுச்சு.

குளிரப் பத்திச் சொல்லணும். கோயமுத்தூர்ல டிசம்பர்ல 18, 19 டிகிரி, ஊட்டிக்காரங்க கேட்டா சிரிப்பாங்க, ஆனா 25 கிலோமீட்டர் ஸ்பீடுல எதிர்காத்து நெஞ்சுல அடிக்கறப்ப அது வேற குளிர். பேரூர் பெரிய கொளத்துப் பக்கம் வந்ததும் ஈரக்காத்து, அங்கிருந்து ரெண்டு பக்கமும் வாழை, பாக்குத்தோப்பு, தண்ணி பாஞ்ச வயலு, ராத்திரி வானம் தெளிஞ்சிருந்தா அந்த ஈரம் எல்லாம் அப்படியே பனியா எறங்கி ரோட்டு மேல உக்காந்திருக்கும். ஜாக்கெட் போட்டா பத்து கிலோமீட்டர்ல உள்ள வேர்த்து அந்த வேர்வையே குளுரும், அதனால ஜாக்கெட் வேண்டாம். பையனோட பழைய ஃபுட்பால் சாக்ஸ்ல பாதத்த வெட்டிட்டு ரெண்டு கையிலயும் மாட்டிக்கறேன், சூடானதும் உருவி பாக்கெட்ல போட்டுக்கலாம். ஜெர்சிக்குள்ள நெஞ்சுக்கு நேரா நியூஸ்பேப்பர் ரெண்டு தாள் மடிச்சு வெக்கறது கேப்டன் அண்ணா சொல்லிக் குடுத்தது, அந்தக் காலத்து ரேஸ்காரங்க மலையெறங்கறப்ப பண்ணதாம். நம்பாமத்தான் வெச்சேன், இப்ப அது இல்லாம கெளம்பறதில்ல.

சாப்பாடு பெருசா ஒண்ணுமில்ல. கெளம்பறதுக்கு முன்னாடி பாதி நேந்திரம் பழம், பாக்கெட்ல ரெண்டு கடலமிட்டாய், திரும்பி வர்றப்ப மாதம்பட்டில டீ கடையில கருப்பட்டி போட்ட சுக்கு காப்பி.

லைட்டு விசயம் முக்கியம். மொத வாரம் நான் பின்னாடி செவப்பு லைட்ட மினுக் மினுக்குன்னு பிளிங்க்ல போட்டுட்டுப் போனேன், அதானே பாதுகாப்புன்னு நெனச்சிருந்தேன். எனக்குப் பின்னாடி வந்த அக்கா அரை மணி நேரம் அதப் பாத்தே வந்து தலவலி வந்துடுச்சுன்னு சொன்னப்பதான் ஒறச்சுது. இப்ப எங்க குரூப்ல கடைசி ஆளு மட்டும் பிளிங்க், மத்தவங்க எல்லாம் நெலையா எரியற மாதிரி வெச்சு ரோட்டப் பாத்து சாய்ச்சு விட்டுடுவோம். தனியா ஓட்டறப்ப சரியா இருக்கறது குரூப்ல தப்பாயிடுது, இது லைட்டுக்கு மட்டுமில்லன்னு அஞ்சாவது வாரம் தெரிஞ்சுது.

அஞ்சாவது வாரம் விழுந்தேன். டிசம்பர் பொறந்திருந்துச்சு, அன்னிக்குத்தான் மொத தடவ நல்ல பனி. ஆலாந்துறைக்கு முன்னாடி பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர் ஒண்ணு. அப்ப என் முன்சக்கரம் முன்னாடி இருந்தவரோட பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டுல ஒரு சாண் உள்ள ஏறிப் போயிருந்துச்சு, எனக்கு அது தெரியவே இல்ல, ஒட்டிப் போறதுல அவ்ளோ ஆசையா இருந்தேன். அவர் ஸ்பீட் பிரேக்கரப் பாத்து லேசா, ஒரு கை அகலம் நகர்ந்தார். சர்ருன்னு ரப்பர் ரப்பரத் தேய்க்கற சத்தம். அடுத்த நொடி எடது முழங்கை தார் ரோட்டுல. முன்னாடி போனவருக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னு அப்புறம் அண்ணா வெளக்குனார், பின்சக்கரம் இடிபட்டா சைக்கிள் லேசா ஆடிட்டு நேராயிடும், முன்சக்கரம் இடிபட்டா திருப்பறதுக்கு வழியில்லாமப் போயிடும், நாம நிமிர்ந்து நிக்கறதே ஹேண்டில லேசா லேசா திருப்பிக்கிட்டேதானே. அதனால விழறது பெரும்பாலும் பின்னாடி வர்ற ஆளு.

பிசியோ அக்கா கை கழுவி மருந்து போட்டு விட்டாங்க, சதை மட்டுந்தான் பெயர்ந்திருந்துச்சு. எம் பின்னாடி வந்த காலேஜ் பையன் என்மேல ஏத்தாம இருக்க வண்டிய மண்ணுல எறக்கியிருக்கான், அவன் கீழ விழாதது அவன் கெட்டிக்காரத்தனம். எனக்கு முழங்கை எரிஞ்சத விட அதுதான் மனசுக்குள்ள கெடந்து உறுத்திட்டே இருந்துச்சு. திரும்பி வர்றப்ப கேப்டன் அண்ணா பக்கத்துலயே வந்தார். "முன்னாடி சக்கரத்தையே பாக்கக் கூடாதுங்க அம்மிணி, அந்தாளு தோளத் தாண்டிப் பாருங்க. சக்கரம் ஓரக்கண்ணுல தெரிஞ்சாப் போதும்." கொஞ்ச தூரம் போயி இன்னொண்ணும் சொன்னார். "உங்களுக்கு முன்னாடி யாருன்னு எல்லாரும் பாக்கறாங்க. உங்களுக்குப் பின்னாடி ஒருத்தரு உங்கள நம்பி வர்றாரு, அத நெனச்சு ஓட்டுங்க."

அடுத்த வாரத்துல இருந்து நான் ஓட்டுன விதமே மாறுச்சு. ஸ்பீடப் பாக்கறத விட்டுட்டேன். சட்டுனு மிதிக்கறத நிறுத்தக் கூடாது, நிறுத்துனா வண்டி பின்னாடி வந்த மாதிரி அடுத்தவருக்குத் தெரியும். எழுந்து நின்னு மிதிக்கறதுன்னா மொதல்ல ஒரு கியர் கடினமாக்கிட்டு மிதியோட எழணும், இல்லாட்டி சைக்கிள் அரை அடி பின்னாடி தள்ளும். பிரேக்க விட நெஞ்ச நிமித்தி காத்து வாங்கிக்கிட்டாலே ஸ்பீடு கொறையும். குழி வந்தா கைய நீட்டிக் காட்டணும், இருட்டுல கை தெரியாதுன்னா வாய்விட்டுச் சொல்லணும், சொன்னத அடுத்தவங்க அதுக்கடுத்தவங்களுக்குச் சொல்லணும். இதெல்லாம் பழக்கமாக எனக்கு நாலு வாரம் ஆச்சு.

பஞ்சர் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா நானே நாலு வாட்டி பாத்துட்டேன். மார்கழி பொறந்த அப்புறம் ஒரு ஞாயிறு ரெண்டு தடவ என் பின்டயர் எறங்குச்சு. மொத தடவ வெரல் மரத்துப்போயி அவசரத்துல டியூப மட்டும் மாத்திட்டேன், அரை கிலோமீட்டர்ல மறுபடியும் புஸ்ஸு. பேக்கரித் தம்பி டயர வாங்கி கொஞ்சம் பஞ்ச எடுத்து உள்பக்கம் சுத்தித் தடவுனான், ஒரு எடத்துல பஞ்சு நூலா மாட்டிக்கிச்சு. மொபைல் வெளிச்சத்துல பாத்தா மயிர் மாதிரி ஒரு கம்பி, லாரி டயர் வெடிச்சு ரோட்டுல கெடக்குமே அதுல இருந்து வர்றது, வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது. நகவெட்டியால இழுத்து எடுத்தான். அப்பதான் இன்னொண்ணும் காட்டுனான், டயர்ல கம்பெனி பேரு போட்டிருக்கற எடத்த எப்பவும் வால்வுக்கு நேரா வெச்சு மாட்டணும், டியூப்ல ஓட்ட எங்கன்னு கண்டுபிடிச்சா டயர்ல முள்ளு எங்கன்னு அளந்து சொல்லிடலாம். பன்னெண்டு பேரும் அந்த இருவது நிமிசம் குளிர்ல நின்னாங்க, யாரும் மொகம் சுளிக்கல. தூரத்துல கோயில் மைக்ல பாட்டு, எதிர் வீட்டுல ஒரு பாட்டி வாசல் தெளிச்சு கோலம் போட்டு சாணி உருண்டைல பூசணிப்பூ வெச்சுட்டு இருந்தாங்க, "சுடுதண்ணி வேணுங்களா கண்ணுகளா"ன்னு கேட்டாங்க. ஆளுக்கு ஒரு வாய் வாங்கிக் குடிச்சோம்.

இருட்டுப்பள்ளத்துல எவ்ளோ சீக்கிரம் வந்தாலும் நின்னுடுவோம், வெளிச்சம் நல்லா வர்ற வரைக்கும் பூண்டி ரோட்டுக்குள்ள போறதில்ல. அது போளுவாம்பட்டி காட்டு ஓரம். ராத்திரி தோட்டத்துக்குள்ள எறங்கற யானைங்க விடியறப்பதான் ரோட்டத் தாண்டி காட்டுக்குத் திரும்பும், பனியில இருவது அடியில நின்னாக்கூடத் தெரியாது. சைக்கிள்ல சத்தமும் வராது, ரெண்டு பக்கத்துக்கும் ஆபத்து. டிசம்பர் 21, 22 போனா பகல் நீளுமே, சீக்கிரம் விடியும்னு நெனச்சிட்டிருந்தேன். நம்ம பக்கம் அப்படி இல்ல, சூரியன் எழற நேரம் ஜனவரி நாலாவது வாரம் வரைக்கும் தள்ளித்தான் போகுது, இப்ப 6:45 கிட்ட. அதனால போன மாசத்த விட இந்த மாசம் அங்க அதிக நேரம் நிக்கறோம்.

போன ஞாயிறு இதுவரைக்கும் இல்லாத பனி. மாதம்பட்டி தாண்டினதும் என் கண்ணாடியில பொடிப்பொடியா தண்ணி, தொடச்சா மறுபடியும். ரெண்டு ரெண்டு நிமிசம் முன்னாடி மாறி மாறிப் போயிட்டிருந்தோம், என் முறை வந்துச்சு. இதுக்கு முன்னாடி முன்னுக்குப் போனா ஆர்வத்துல ஸ்பீட ஏத்திடுவேன், பின்னாடி நூல் அறுந்த மாதிரி ஆயிடும். இந்த தடவ மீட்டர்ல 24 இருந்துச்சு, 24லயே வெச்சேன். என் லைட்டுக்கு முன்னாடி பத்தடிக்கு வெள்ள, அதுக்கு அங்க ஒண்ணுமில்ல. ரோட்டோர வெள்ளக்கோட்டப் புடிச்சே போனேன். தண்ணி தேங்கின மாதிரி கறுப்பா ஏதோ தெரிஞ்சுது, "குழி, எடது"ன்னேன். பின்னாடி "குழி எடது", அதுக்குப் பின்னாடி "குழி எடது", ஒவ்வொரு கொரலா தள்ளித் தள்ளிப் போயி கடைசில கேப்டன் அண்ணா கொரல் ரொம்ப தூரத்துல, பனிக்குள்ள இருந்து. பதினோரு பேரும் தாண்டிட்டாங்கன்னு அதுல தெரிஞ்சுது. ரெண்டு நிமிசத்துக்கு பதிலா நாலு நிமிசம் இருந்துட்டு, அடுத்தவர் முன்னாடி வரட்டும்னு முழங்கைய ஆட்டிக் காட்டிட்டு ஓரமா நகர்ந்தேன்.

சராசரி ஸ்பீடு நவம்பர்ல 17 இருந்தது இப்ப 23க்கு மேல. வர்ற ஞாயிறு ஆனைகட்டி போலாம்னு பேச்சு, மாங்கரை தாண்டி வளைவு ஏத்தம், எறங்கறப்ப நல்ல பிரேக் வேணும். பின் பிரேக் கட்டை தேஞ்சிருக்கு, புதன்கிழமைக்குள்ள மாத்தணும். நியூஸ்பேப்பர் நாலு தாளா எடுத்துக்கணும்.