கொழும்பில் முதல் காணி வாங்குமுன்

வெள்ளவத்தையோ தெஹிவளையோ, விலை பேர்ச் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. விலையைப் பேசுவதற்கு முன்னால் உறுதியின் (காணி உரிமைப் பத்திரத்தின்) பிரதியையும் நில அளவை வரைபடத்தையும் வாங்குங்கள். அவற்றைத் தரத் தயங்குகிற புரோக்கரோடு மினக்கெட வேண்டாம்.

உங்கள் சொந்த நொத்தாரிசை (உறுதி எழுதும் சட்டத்தரணியை) கொண்டு காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடுங்கள். விற்பவரின் நொத்தாரிசு "எல்லாம் கிளியர்" என்றால் போதாது. பெரும்பாலும் சிக்குவது மூன்று இடங்களில்: மீட்கப்படாத ஈடு (அடமானம்), வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்களின் பிரிபடாத பங்கு, பழைய அற்றோணித் தத்துவம் (ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திடக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்). கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரண அற்றோணித் தத்துவம் செல்லாது; அதை வைத்து எழுதிய உறுதி வழக்கில்தான் போய் நிற்கும்.

மாநகர சபையில் ஸ்ட்ரீட் லைன் சான்றிதழ் எடுங்கள். வீதி அகலிப்புக் கோடு காணிக்குள் வந்தால், 10 பேர்ச் என்று காசு கொடுத்தாலும் கட்ட முடிவது அதைவிடக் குறைவு. சோலைவரி (சபைக்குக் கட்டும் ஆதன வரி) பாக்கியையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

முத்திரை வரியை வாங்குபவர்தான் கட்ட வேண்டும்: முதல் ஒரு லட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%. இரண்டு கோடி மதிப்புக்கு 7,99,000 ரூபா. நொத்தாரிசு கட்டணம் வேறு.

அப்பார்ட்மென்ட் என்றால் கொண்டோமினியம் வரைபடம் (ஒவ்வொரு வீட்டையும் தனித்தனி அலகாகக் காட்டுவது) பதிவாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். அது பதிவாகாமல் உங்கள் பெயரில் தனி உறுதி முடிக்க முடியாது.